எல்.இ.டி. சப்ளையர் பங்குகளில் ஊகம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்.இ.டி. விளக்கு இவ்வளவு விற்கிறதே, அதற்குச் சிப்பும் சஃபையர் (நீலக்கல் படிகம்) தகடும் இயந்திரமும் தருகிற நிறுவனங்களுக்கு நல்ல லாபம்தான் இருக்கும் என்று நினைத்துப் பங்கு வாங்குவது முதல் தவறு. இந்த விளக்கு பரவியதே விலை சரிந்ததால்தான். ஒரே அளவு வெளிச்சத்துக்கு ஆகும் செலவு 10 ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்கிறது இத்துறையில் பேசப்படும் ஹைட்ஸ் விதி. அந்தச் சரிவைத் தாங்குவது சப்ளையர்தான். போதாததற்கு, குண்டு பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரியும் என்றால் எல்.இ.டி. அதைப்போலப் பல மடங்கு உழைக்கும். ஒருமுறை மாற்றியவர் மறுபடி வாங்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அடுத்தது, பெரிய வாடிக்கையாளரின் பெயரைக் கேட்டதும் மயங்குவது. பலருடைய சேமிப்பைக் கரைத்த தவறு இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ், எல்.இ.டி. சிப்புக்கு அடித்தளமான சஃபையரை வளர்க்கும் உலைகளை விற்றுவந்த நிறுவனம். 2013 நவம்பரில் ஆப்பிள் அதற்கு 57.8 கோடி டாலர் முன்பணம் தர ஒப்புக்கொண்டது. அடுத்த ஐபோனின் திரையே சஃபையர்தான் என்று ஊகம் பறந்தது, பங்கும் ஏறியது. ஆனால் அந்த முன்பணம் ஐந்து ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டிய தொகை. இவ்வளவு சஃபையர் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் ஆப்பிளுக்கு இல்லை. 2014 செப்டம்பரில் வந்த ஐபோன் 6-இல் சஃபையர் திரை இல்லை. அக்டோபர் 6 அன்று ஜிடி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஒரே நாளில் பங்கின் மதிப்பில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது.

யார் யாருக்குச் சப்ளை செய்கிறார்கள் என்று துப்புத் துலக்குவதைவிட, ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன கட்டாயம் இருக்கிறது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது என்பதையும் ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள்.

ஆர்டர் கிடைத்ததையே விற்பனையாக எண்ணுவது இன்னொரு தவறு. சிப் அடுக்குகளை வளர்க்கும் எம்.ஓ.சி.வி.டி. இயந்திரங்கள் 50 வேண்டும் என்று சீனாவின் சிப் தயாரிப்பாளரான சானான், ஜெர்மனியின் இயந்திர நிறுவனமான ஐக்ஸ்ட்ரானிடம் ஆர்டர் கொடுத்திருந்தது. 2015 டிசம்பரில் அது 3 ஆகச் சுருங்கியது. ஐக்ஸ்ட்ரான் பங்கு சடாரென விழுந்தது.

மானியத்தால் வரும் தேவையையும் நிரந்தரம் என்று நம்பிவிடக் கூடாது. 2010 வாக்கில் சீன உள்ளூர் அரசுகள் இந்த இயந்திரங்களை வாங்க மானியம் தந்தன. இயந்திரம் விற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அப்புறம் சந்தையில் சிப் குவிந்து விலை விழுந்தது, புது ஆர்டரும் வறண்டது. இது காலாண்டுக் கணக்கில் முன்கூட்டியே தெரியும்: விற்பனை ஏறாமல் விற்காத சரக்கின் கையிருப்பு மட்டும் ஏறும், மொத்த லாப விகிதம் மெல்ல இறங்கும்.

சரி, கடைசியாக ஒன்று. பழைய 'எல்.இ.டி. பங்குகள்' பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் தவறாமல் இடம்பெற்ற அமெரிக்க நிறுவனமான க்ரீ, 2019-இல் விளக்குத் தொழிலையும் 2021-இல் எல்.இ.டி. சிப் தொழிலையும் விற்றுவிட்டு, வுல்ஃப்ஸ்பீடு என்ற பெயரில் சிலிக்கான் கார்பைடு (வேறு வகைச் சிப்புக்கான பொருள்) நிறுவனமாகிவிட்டது.