டே மதரிடமிருந்து குழந்தையை நிறுத்துவது எப்படி? டர்பனில் நான் செய்ததும் செய்யத் தவறியதும்

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது நாலு மாதம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு ஆன்ட்டி தன் வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பார்த்துக்கொள்பவரை இங்கே டே மதர் என்பார்கள். கோயிலில் பழக்கம். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம். "சாப்டியா கண்ணு" என்று கேட்கிற அளவுக்குத் தமிழ் வரும். திருநெல்வேலியிலிருந்து வந்து எட்டு மாதமே ஆகியிருந்த எனக்கு அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. வேறு எதையும் விசாரிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை ஆபீசில் சீக்கிரம் விட்டார்கள். ஐந்து மணிக்குப் போக வேண்டியவள் இரண்டரைக்கே போனேன். நீச்சல்குளத்துக் கேட் மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் விழாமல் இருக்கக் குளத்தின் மேல் விரிக்கும் வலை சுருட்டி ஓரமாகக் கிடந்தது. பிள்ளைகளுக்குக் காவல் ஆன்ட்டியின் பேரன், பதினோரு வயதுப் பையன். ஆன்ட்டி கடைக்குப் போயிருந்தார். என் மகள் குளத்துப் படியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை அவள் நனைந்த உடையோடு வந்தபோது "ஹோஸ் பைப்பில் விளையாடினாள்" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக, என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

படி 1: எந்த வகைப் பிரச்சினை?

சாப்பாடு சரியில்லை, டிவி அதிகம் போடுகிறார்கள் என்பதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. திறந்த குளம், பெரியவர் இல்லாத வீடு, சீட் இல்லாமல் பக்கி எனப்படும் பிக்கப் வண்டியின் பின்னால் பிள்ளைகளை ஏற்றிப் போவது ஆகியவை உயிர் சம்பந்தப்பட்டவை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் காரில் தனி சீட் கட்டாயம் என்று 2015 மே முதல் இங்கே சட்டமே இருக்கிறது. இவற்றுக்கு "இனிமேல் கவனமா இருக்கேன்" என்ற பதில் போதாது.

மூன்றாவது வகை, யாரோ குழந்தையைத் துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம். அப்படியானால் கீழே உள்ள மற்ற படிகளை விட்டுவிடுங்கள். குழந்தையை அங்கே அனுப்பாதீர்கள். பார்த்துக்கொள்பவரிடம் முதலில் போய்க் கேட்காதீர்கள். குழந்தையைத் திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள், தானாகச் சொன்னதை அதே சொற்களில் எழுதிவைத்தால் போதும். பாலியல் ரீதியானது என்று தோன்றினால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் நேராக மருத்துவமனைக்கும் போலீசுக்கும் போங்கள். போலீசில் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு உண்டு, எஃப்.சி.எஸ். யூனிட் என்று கேட்கவும். குழந்தைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைனுக்கு 116, கட்டணம் இல்லை. "அடிச்சு வளர்த்தாத்தான் உருப்படும்" என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கண்டிப்பதற்காக அடித்தேன் என்று பெற்றோரே சொல்லித் தப்ப முடியாது என 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

படி 2: அன்று ராத்திரியே எழுதுங்கள்

தேதி, மணி, கண்ணால் பார்த்தது, அங்கே இருந்தவர்கள். இதற்கு எனக்குப் பிடித்தது நாற்பது பக்க நோட்டுதான். ஆப் எல்லாம் வேண்டாம். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பிக்கொள்ளுங்கள், தேதி பதிவாகிவிடும். வாய்ஸ் நோட் ஒருபோதும் வேண்டாம். கோபத்தில் பேசிய குரலை யாரும் இரண்டாம் முறை கேட்க விரும்புவதில்லை, நீங்கள் உட்பட. படம் எடுத்தால் கேட்டையும் குளத்தையும் எடுங்கள், அடுத்தவர் பிள்ளைகளை எடுக்காதீர்கள்.

படி 3: மறுநாள் அனுப்பாதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. இவ்வளவையும் பார்த்த பிறகும் வெள்ளிக்கிழமை அனுப்பினேன். திங்கட்கிழமையும் அனுப்பினேன். அந்த மாதத்துக்கான 1,500 ராண்ட் முன்பணமாகக் கொடுத்தாயிற்று, ஆபீசில் மாத முடிவு வேலை, வேறு ஆள் இல்லை, கோயிலில் முகத்தில் விழிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். திங்கள் சாயங்காலம் மகள் இடுப்புக்குக் கீழே நனைந்து வந்தாள். தண்ணீரில் விழுந்த சின்னக் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அதை அறிந்தே இரண்டு நாள் அனுப்பியிருக்கிறேன். இன்றும் ராத்திரியில் அந்த இரண்டு நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அதனால் சொல்கிறேன்: முதலில் குழந்தையை நிறுத்துங்கள், பேச்சு, பணம், மாற்று ஏற்பாடு எல்லாம் அப்புறம். சட்டப்படி கிடைக்கும் மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பை நம்பிவிடாதீர்கள். அது குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோதோ நெருங்கிய உறவினர் இறந்தாலோதான், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்குக் கிடையாது. வருட விடுப்பில்தான் எடுக்க வேண்டும். நானும் கணவரும் ஆளுக்கு அரைநாளாக ஒன்பது நாள் ஓட்டினோம்.

படி 4: செய்தி அனுப்புவது

அந்தத் திங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் நீளமாக ஒன்று அனுப்பினேன். "நீங்க பொறுப்பில்லாதவங்க", "எப்படி மனசு வந்தது", இந்த மாதிரி. பதில் ஆன்ட்டியிடமிருந்து வரவில்லை, அவர் மகளிடமிருந்து வந்தது. அதில் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய அம்மாவை நான் எப்படிப் பேசலாம் என்பதே பேச்சாகிவிட்டது. காலைக்குள் கோயில் குரூப் வரை போய்விட்டது.

மறுநாள் இப்படி மாற்றி அனுப்பினேன். வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம் ஆன்ட்டி. நேற்று கோபத்தில் எழுதிய சொற்களுக்கு மன்னிக்கவும். வியாழன் மதியம் இரண்டரைக்கு நான் வந்தபோது குளத்துக் கேட் திறந்திருந்தது, வலை போடவில்லை, பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லை. அதனால் இன்று முதல் மகளை அனுப்பவில்லை. அவளுடைய பொருட்களை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கணவர் வந்து வாங்கிக்கொள்வார்."

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாதீர்கள். "அனுப்பலாமா என்று யோசிக்கிறோம்" என்றும் எழுதாதீர்கள், அது பேரத்துக்குக் கதவைத் திறந்துவிடும். அனுப்பியதும் அந்த உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து ஈமெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தியை அழித்துவிட வழி இருக்கிறது, என் விஷயத்தில் அவர்கள் அழித்தார்கள்.

படி 5: பொருட்களும் பணமும்

ரோட் டு ஹெல்த் புத்தகத்தை மறக்காதீர்கள், தடுப்பூசிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. மருந்து, மாற்று உடை, பிறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் வீட்டுச் சாவியோ கேட் ரிமோட்டோ கொடுத்திருந்தால் அதுவும். மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை. கேட்பது உங்கள் உரிமை, ஆனால் பொருளை வாங்கிய பிறகு தனியாகக் கேளுங்கள்.

படி 6: மற்ற பெற்றோர்

மீதி நாலு பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். "உன் பிள்ளையை எடுத்தாச்சே, ஊர் வம்பு எதுக்கு" என்று வீட்டிலேயே சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எண் கிடைத்த மூன்று அம்மாக்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்து, மேலே எழுதிய அதே விவரத்தை மட்டும் சொன்னேன். ஒருவர் அன்றே நிறுத்தினார். ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். குரூப்பில் போடாதீர்கள். அங்கே உண்மை போய் யார் பக்கம் யார் என்பது வந்துவிடும்.

ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொண்டால்தான் குழந்தைகள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். ஐந்து பேர் என்பதால் ஆன்ட்டியின் வீட்டைச் சோதிக்க எந்த அதிகாரியும் வந்ததே இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், குளத்துக்கு எப்போது வலை போடுவீர்கள் என்று முதல் நாளே நானாகக் கேட்டிருப்பேன்.

பின்சேர்க்கை 1

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டார்: வீட்டுக்கே வரும் ஆயாவை நிறுத்துவது எப்படி? அது முற்றிலும் வேறு. அவர் உங்கள் ஊழியர். ஆறு மாதம் வரை வேலை பார்த்திருந்தால் ஒரு வாரம், அதற்கு மேல் என்றால் நாலு வாரம் நோட்டீஸ், எழுத்தில். அந்த நாலு வாரமும் குழந்தையை அவரிடம் விட வேண்டியதில்லை, சம்பளத்தைக் கொடுத்து வர வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் நிறுத்துவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் அனுப்பினால் அவர் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் முறையிடலாம், முறையிடுவதில் நியாயமும் உண்டு. வேலையின்மைக் காப்பீட்டுக்கான யு.ஐ.19 படிவத்தையும் வேலைச் சான்றிதழையும் கொடுத்தே அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 2

புது ஆளை எப்படிச் சோதித்தீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் இருக்கின்றன. வேலைக்கு வைப்பவர் படிவம் 30 மூலம் விசாரிக்கலாம். நாங்கள் இப்போது அனுப்பும் கிரெஷ்ஷில் ஊழியர்களுக்கு அதைச் செய்திருக்கிறார்களா என்று கேட்டேன், காகிதத்தையே காட்டினார்கள். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை பன்னிரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது விதி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

பின்சேர்க்கை 3

"பார்த்துக்கொள்வது மாமியாராக இருந்தால்?" இதை மட்டும் ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். படி 3 அப்படியே. படி 4-ஐ நீங்கள் செய்யாதீர்கள், கணவர் அவருடைய அம்மாவிடம் நேரில் சொல்லட்டும். நீங்கள் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தை முதலில் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.