பழைய சுடுமண் குழாய் கிடைத்தால் செய்யக்கூடாதவை

போன மாதம் வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சுடுமண் குழாய்த் துண்டு ஒன்று வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் ஆர்வமுள்ள தம்பிகள் இரண்டு பேர் அதைப் போர்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். இருபது வருடம் முன்பு நானும் இதைத்தான் செய்தேன்.

உறையைக் குழாய் என்பது

உறைகிணற்றின் உறை, அதாவது கிணற்றுச் சுவராக அடுக்கும் சுடுமண் வளையம், இரண்டு கைக்கும் அடங்காது. குழாய் அப்படி இல்லை. 2024-ல் கீழடி பத்தாம் கட்ட அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்தியபடி வெளிவந்த குழாய்கள் ஒவ்வொன்றும் சுமார் 36 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம்.

கழுவி வெயிலில் வைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான். எனக்குக் கிடைத்த துண்டின் உள்பக்கம், சக்கரத்தில் வனைந்தவரின் விரல் வரிகள் வளையம் வளையமாக இருந்தன. என் விரலை வைத்தால் சரியாகப் பொருந்தும். கழுவி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் மேலெல்லாம் வெள்ளை பூத்தது. துணியால் துடைத்தேன், தோல் செதில் செதிலாகக் கையோடு வந்தது. விரல் வரியும் அதோடு போனது.

காரணம் உப்பு. சுட்ட மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நம் கடற்கரை மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும்போது உப்புநீர் அதற்குள் ஊறிவிடுகிறது. ஈரம் இருக்கும்வரை உப்பு கரைந்தே இருக்கும், ஒன்றும் ஆகாது. வெயிலில் வைத்தால் நீர் வேகமாக வெளியேறும், உப்பு தோலுக்கு அடியிலேயே படிகமாகி அதை உந்தித் தள்ளும். நிழலில் எடுத்து வைத்தாலும் தப்பாது: மழைக்காலக் காற்றில் கரையும், கோடையில் மறுபடி படிகமாகும், ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு செதில். போர்த் தண்ணீரில் கழுவியது அதைவிட மோசம். அதுவே உப்புத் தண்ணீர்.

எடுத்தவுடன் ஈரச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நிழலில் வையுங்கள். அப்புறம் குடிதண்ணீரில் ஊறப்போட்டு அடிக்கடி மாற்ற வேண்டும், கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஊறிய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். தொட்டாலே கரைகிற, சரியாகச் சுடாத துண்டு என்றால் ஊறப்போடவே வேண்டாம். ஈரமாக வைத்துக்கொண்டு இந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

செம்பு அழியாது என்று நம்புவது

எகிப்தில் அபுசீர் என்ற இடத்தில் சாஹுரே மன்னனின் பிரமிடுக் கோயிலில் செம்புத் தகட்டை வளைத்துச் செய்த வடிகால் குழாய் கிடைத்தது. வயது சுமார் 4,400 வருடம். அது கல்லில் வெட்டிய பள்ளத்தில், ஜிப்சம் சாந்துக்குள், பாலைவன வறட்சியில் கிடந்தது. இங்கே உப்பு, செம்பைப் பச்சைப் பொடியாக்கிவிடும். சுடுமண்ணுக்குத் துருவே கிடையாது. அதன் பலவீனம் இணைப்பிலும் நீர் அழுத்தத்திலும்தான். கிரீட் தீவின் நோசஸ் அரண்மனையில் ஒரு முனையைக் குறுக்கி அடுத்த குழாய்க்குள் செருகினார்கள். அதனால் துண்டு கிடைத்தால் இரண்டு முனையையும் அளந்து எழுதுங்கள்.

ரோமர்களுக்கு ஈயத்தின் கெடுதி தெரியாது என்பது

தெரியும். ஈய வேலை செய்பவர்கள் வெளிறிப் போவதைக் காட்டி, மண்குழாய்த் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று ரோமக் கட்டிடக் கலைஞர் விட்ருவியஸ் 2,000 வருடம் முன்பே எழுதிவிட்டார்.

குழாயை மட்டும் வைத்துக் காலம் சொல்வது

வேண்டாம். கூடக் கிடந்த பானை ஓடுகளையும் மண்ணையும் பாருங்கள்.

தம்பிகளின் துண்டு இப்போது என் வீட்டுப் பக்கெட்டில் ஊறுகிறது. நேற்று நாலாவது முறை தண்ணீர் மாற்றினோம். சொட்டு விட்டால் இன்னும் வெள்ளையாகத்தான் கலங்குகிறது.