மாம்பழ லேபிளுக்குச் சுழல்பூ வரைதல்

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பெட்டிக்கு லேபிள் வடிவமைப்போர் சுழல்பூவைக் கையால் வரைந்து சிரமப்பட வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பட்டியலில் ‘ரெண்டர்’ என்பதன்கீழ் ‘ஸ்பைரோகிராஃப்’ (வளையத்தை ஒட்டி உருளும் பல்சக்கரத்தில் பேனா செருகியதுபோல் இத்தகைய பூவை வரையும் கருவி) உள்ளது. வளைய ஆரம் 96, பல்சக்கர ஆரம் 36, சக்கரம் உட்புறம் எனக் கொடுத்தால், இவ்விரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி 12 என்பதால், 96ஐ 12ஆல் வகுத்து வரும் 8 இதழ்கள் அமையும். கோடும் மூன்றே சுற்றில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும். 36ஐ 37 ஆக்கினாலோ 96 இதழ்கள் நெருக்கியடித்து, அச்சில் மை அப்பிக்கொள்ளும் (ஒரு கட்டுத் தாளை வீணாக்கிய பிறகே இது எனக்கு உறைத்தது). பேனா ஆரம், அதாவது சக்கர மையத்திலிருந்து பேனா இருக்கும் தூரம், சக்கர ஆரமான 36க்குக் குறைந்தால் இதழ்முனை மழுங்கும், சமமானால் கூராகும், மிகுந்தால் சிக்குக் கோலம்போல் கண்ணி விழும். 45 என் விருப்பம். வளைவு துண்டு துண்டாகத் தெரிந்தால் அதே கருவியில் உள்ள தர (‘குவாலிட்டி’) எண்ணைக் கூட்டுங்கள்.