வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் உடலுக்கென நேரம் ஒதுக்குவது எப்படி?

வேலைக்குச் சென்றுகொண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் ‘உங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாதவர் இல்லை. அதற்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று சொல்பவர்தாம் குறைவு. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இந்தக் கணக்கு அப்படியே இருக்க, அதன்மேல் யோகா, நடைப்பயிற்சி, முகப்பூச்சு என்று அடுக்கினால் அவையும் வேலைப் பட்டியலில்தான் போய்ச் சேரும். ஆகவே, கையில் இருக்கும் வேலைகளில் ஒன்றையாவது முழுமையாக இன்னொருவரிடம் ஒப்படைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். கிரைண்டரைக் கணவர் போட்டுவிடுகிறார் என்பதாலேயே அந்த வேலை பகிரப்பட்டுவிட்டதாகப் பல வீடுகளில் நினைக்கின்றனர். மாவு நாளையோடு தீர்ந்துவிடும் என்று கவனிப்பது, உளுந்து இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பது, நேரத்தோடு ஊறவைப்பது, அரைத்ததில் உப்புப் போட்டுக் கரைத்துப் பொங்கி வழியாதபடி பெரிய பாத்திரத்தில் வைப்பது, கிரைண்டர் கல்லில் ஒட்டியதைக் கழுவுவது ஆகிய அனைத்தும் அந்தப் பெண்ணின் நினைவிலேயே இருக்குமானால், அவருக்கு மிச்சமாவது கிரைண்டர் ஓடும் நேரம் மட்டுமே. எனவே எந்த வேலையை ஒப்படைத்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்படைக்க வேண்டும். நினைவூட்டும் பொறுப்பையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் மாவு இல்லாமல் போனால் அன்றைக்கு உப்புமா. அதைப் பொறுத்துக்கொள்வதுதான் இதில் உண்மையிலேயே கடினமானது. மாமியாரோடு வாழும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கணவரே தொடங்குவது நல்லது. மருமகள் தொடங்கினால் அது வேறு பஞ்சாயத்தாகிவிடும்.

இவ்வாறு கிடைக்கும் நேரத்தை முதலில் சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது கீரையும் பொரியலும் தீர்ந்து, சோறும் அடிக்குழம்பும் மட்டுமே எஞ்சியிருப்பது இதற்குத் துணை போகிறது. சமைத்து முடித்ததும், பரிமாறுவதற்கு முன்பே, தமக்குரிய கீரையையும் பயறையும் முட்டையையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவதே இதற்கு எளிய வழி. முருங்கைக்கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அது தடைபடும் என்பதால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

ஓயாத அசதியை ‘வேலை அதிகம்’ என்று தள்ளிவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. அந்த அளவு சரியாக இருந்தும் அசதி நீடித்தால், உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுத்துப் போவது இயல்பே. அதற்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. அளவு உயர்ந்துவிட்டது என்று தாமாக நிறுத்துவதும் தவறு, ஏனெனில் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் பிடிக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் பலர் அதை விழுங்கிய கையோடு காபி டம்ளரை எடுக்கின்றனர். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி தேவை.

ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் பெண்கள், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் தயங்காமல் உட்கார வேண்டும். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டிலேயே திருத்தம் செய்யப்பட்டுள்ளது. கழிப்பறைக்குப் போக வழியில்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்குவது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். மேலாளரிடம் இருக்கையும் கழிப்பறைக்குப் போக வழியும் தனியாளாகக் கேட்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கேட்பது பலன் தரும்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. ஏழு மணி நேரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீடு அடங்கிய பிறகு, பதினோரு மணிக்கு மேல் கைப்பேசியோடு கழியும் நேரம்தான் பலருக்குத் தமக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் என்பதால், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த அரை மணியை மாலையில், அலுவலகத்திலிருந்து வந்தவுடன், சமையலறைக்குள் நுழைவதற்கு முன் நகர்த்திக்கொள்ள முடிந்தால் இரவுத் தூக்கம் தானே நீளும். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால் 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முப்பது வயதைக் கடந்தவர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். கருப்பை வாய்ப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து ஒரு தேதியைக் குறித்து, பக்கத்து வீட்டு அக்காவையோ உடன் வேலை பார்ப்பவரையோ சேர்த்து அழைத்துச் சென்றால், இருவருக்கும் கூச்சம் குறையும்.