நீண்ட நாள் ஜெபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் திருச்சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குச் சில இளம் குடும்பங்கள் புதிதாக வருகிறார்கள். ஒரு வீட்டில் குழந்தை இல்லை, ஒரு வீட்டில் வேலை இல்லை, ஒரு வீட்டில் அப்பாவின் குடி. முதல் சில வாரங்கள் கண்ணீரோடு முழங்காலில் நிற்கிறார்கள். அப்புறம் முகம் வாடுகிறது; வருவதும் குறைகிறது. இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

ஜெபத்தில் தூக்கம் வருவது, மனம் அலைவது, நடுவில் போனைப் பார்ப்பது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் பழக்கத்தில் சரியாகிவிடும்.

அநீதியுள்ள நியாயாதிபதியைப் பிதாவாக நினைப்பது

லூக்கா 18-ல் வரும் விதவையைக் காட்டி, "கர்த்தரை விடாமல் தொந்தரவு செய்தால்தான் இறங்குவார்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் தொண்டை கட்டும்வரை கத்துகிறார்கள். அந்த நியாயாதிபதி தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதிக்காதவன் என்று இயேசு முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்படிப்பட்டவனே எழுந்து நியாயம் செய்தான் என்றால், உங்கள் பிதா செய்யமாட்டாரா என்பதுதான் அங்கே கேள்வி. நம் ஜெபத்தைக் கேட்கிற பிதா நல்லவர் என்று தெரிந்திருப்பதால்தான் மறுபடியும் போய்க் கேட்கிறோம்.

பிள்ளையில்லாத அன்னாளைப் பாருங்கள். வருஷந்தோறும் தொழுதுகொள்ளச் சீலோவுக்குப் போனாள், வருஷந்தோறும் சக்களத்தி பெனின்னாளின் குத்தல் பேச்சைக் கேட்டாள். அவள் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. சத்தம் வராததால் குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியன் ஏலி நினைத்தார். ஆனால் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை. அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் அப்போது வயிற்றில்கூட இல்லை.

வாக்குத்தத்த அட்டையோடு நின்றுவிடுவது

ஜனவரி 1 ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எழுதின அட்டை கொடுப்பார்கள். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 கிடைத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். 70 வருஷம் என்று அதில் இருக்கிறது. சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே குடியிருந்தவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன் சொன்னான். அது பொய்.

சரி, 70 வருஷமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவா கர்த்தர் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். அட்டையை நம்பி, கையில் வந்த சின்ன வேலையை ஒரு தம்பி வேண்டாம் என்றபோது இந்த அதிகாரத்தைத்தான் திறந்து காட்டினேன். வேலைக்குப் போய்க்கொண்டே ஜெபிக்கலாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்வது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தில் வந்து பேசியவர், "பெற்றுக்கொண்டேன் என்று அறிக்கை செய்யுங்கள், மருந்தைத் தொட்டால் சந்தேகப்படுகிறீர்கள் என்று அர்த்தம்" என்றார். அக்கா ஊசியை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து சாட்சி சொன்னார். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. ரத்தப் பரிசோதனை பண்ணினீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. காலில் வந்த சின்னப் புண் ஆறவே இல்லை. கடைசியில் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விரல்கள் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. புண் பெரிதாகிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அக்கா ஜெபிக்கவே இல்லை. எப்படி ஜெபிப்பார்? சுகம் தாரும் என்று கேட்டால் இன்னும் கிடைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சாட்சியும் பொய்யாகிவிடும். இடைவிடாமல் ஜெபம் பண்ணுங்கள் என்று வேதம் சொல்ல, விசுவாசத்தின் பெயராலேயே ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் வெட்கத்தால் வெகுநாள் ஆராதனைக்கு வரவில்லை. பேசியவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

சாகும் வியாதியில் எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது கர்த்தர் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். நம் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையிலிருந்த பெண்களுக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி ஜெபத்தில் போராடிய ஐடா ஸ்கடர், அங்கிருந்த மிஷனரி மருத்துவரின் மகள், அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அப்படித்தான் தொடங்கியது. அந்த ஜெபத்துக்கு வந்த பதிலே மருத்துவம்தான்.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதியும் என்று இயேசுவிடம் சொன்ன பிசாசும் 91-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தைத்தான் எடுத்தான். கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்துவிட்டார். ஊசியைத் தூக்கி எறிவதும் அந்தக் குதிப்புதான்.

சுகம் கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா? பரிசோதனை பண்ணுங்கள். அளவைக் குறைக்கவேண்டும் என்றால் மருத்துவர் குறைக்கட்டும். குஷ்டரோகியைச் சுத்தமாக்கின பிறகு இயேசுவே அவனை ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார். சாட்சியை அதற்கப்புறம் தாராளமாகச் சொல்லலாம். அக்கா இப்போது ஜெபித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்கிறார். சுகத்துக்காகவும் மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

பொருத்தனை பேரம்

நேர்ந்துவிட்டுச் செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. வாசித்துவிட்டு நேர்ந்துகொள்ளுங்கள்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை

ஒரு வீட்டின் கஷ்டத்தை அந்த வீட்டாரைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

"இல்லை" என்பதையும் பதிலாக எடுத்துக்கொள்ளாதது

பவுல் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அவருடைய ஜெபத்தில் குறை இருந்ததாகவோ ரகசிய பாவம் இருந்ததாகவோ அங்கே எழுதியிருக்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டை யோபுவின் சிநேகிதர்கள் வைத்தார்கள், கர்த்தர் அவர்கள்மேல்தான் கோபங்கொண்டார். குழந்தைக்காகக் காத்திருக்கிற தங்கையிடம் "ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறதா, யோசித்துப் பார்" என்று கேட்கிற பெரியவர்கள் யோபு 42:7-ஐ வாசிக்கவேண்டும்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது

இந்தத் தவறு ஜெபக்குழு நடத்துகிற நம்முடையது. முதல் மாதம் பெயரைச் சத்தமாக வாசிக்கிறோம். பதில் வராவிட்டால் மெதுவாக மற்றவர்கள் என்ற வரிசைக்குத் தள்ளி, அப்புறம் விட்டுவிடுகிறோம். பெயர் வாசிக்கப்படவில்லை என்பதை அந்தக் குடும்பம் அன்றைக்கே கவனித்துவிடும், நம்மிடம் சொல்லமாட்டார்கள். நெகேமியா கிஸ்லேவு மாதத்தில் தொடங்கி நிசான் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் இடிந்த எருசலேம் என்கிற ஒரே காரியத்துக்காகக் காத்திருந்த பிறகுதான் ராஜா வாய் திறந்து கேட்டார். எடுத்தே ஆகவேண்டும் என்றால் அந்த வீட்டாரிடம் போய், "இன்னும் ஜெபிக்கட்டுமா, வேறு விதமாக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.