உங்கள் கால்பந்து கிளப்பின் ஆண்டுச் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சீசன் முடிந்ததும் அதிக கோல் போட்டவரைக் கூப்பிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்துவிடும் கிளப்புகள் நிறைய. வேலை சுலபம்தான். ஆனால் அது கோல் கணக்குக்கான பரிசு. அதற்குத் தனியாக ஒரு கோப்பை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுச் சிறந்த வீரர் விருது முழு சீசனின் ஆட்டத்தையும் பார்த்துத் தரவேண்டியது. அதை முதல் முறையாக நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்மாதிரியாகக் கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கிளப்பை எடுத்துக்கொள்கிறேன். 1895-இல் தேம்ஸ் கரையில் கப்பல் கட்டிய இரும்பாலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய அணியிலிருந்து வளர்ந்தது அது. சின்னத்தில் இரண்டு சுத்தியல்கள் இருக்கும். விருதின் பெயரும் ‘ஹாமர் ஆஃப் தி இயர்’. 1958-இல் அணி இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறியபோது முதல் விருதைப் பெற்றவர் ஆண்டி மால்கம். எதிரணியின் ஆபத்தான ஆட்டக்காரரை நகரவிடாமல் மடக்குவதில் பேர்போனவர் அவர்.

படி 1: யார் ஓட்டுப் போடுவது?

வெஸ்ட் ஹாமில் ரசிகர்கள் போடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கேப்டன் பாபி மூர் 1964-இல் எஃப்.ஏ. கோப்பையையும், 1965-இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையையும், 1966-இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பையையும் தூக்கினார். 1964-இல் இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரைத்தான் நாட்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலும் கிளப் விருது ஜானி பைர்ன், மார்ட்டின் பீட்டர்ஸ், ஜெஃப் ஹர்ஸ்ட் என்று வேறு மூவருக்குப் போனது. வாராவாரம் மைதானத்துக்கு வருபவர்கள் பேருக்கு மயங்காமல் தாங்கள் கண்டதை வைத்து முடிவு செய்தார்கள். அந்த உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும்.

உங்கள் கிளப்பில் ரசிகர் கூட்டம் இல்லையென்றால் வீரர்கள், கோச், தவறாமல் வரும் பெற்றோர் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு கொடுங்கள். ஆள் எண்ணிக்கை கணிசமாக இருந்தால் வீரர்கள் ஓட்டைத் தனி விருதாகவே பிரித்துவிடலாம். மான்செஸ்டர் யுனைடெட்டில் அப்படித்தான். 2010-11 சீசனில் ரசிகர்கள் ஹேவியர் ஹெர்னாண்டஸைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட ஆடிய வீரர்கள் நானியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பார்வைக்கும் இடம் கிடைத்தது.

படி 2: விதிகளை முதல் மேட்சுக்கு முன்பே எழுதுங்கள்

குறைந்தது எத்தனை மேட்ச் ஆடியிருக்கவேண்டும், பாதியில் சேர்ந்தவருக்குத் தகுதி உண்டா, நட்பு ஆட்டங்கள் கணக்கில் வருமா, சமநிலை ஆனால் என்ன செய்வது. இவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். புருனோ ஃபெர்னாண்டஸ் 2020 ஜனவரிக் கடைசியில்தான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். அந்த சீசனின் ரசிகர் விருது அவருக்கே. உங்களுக்கு அது சரியென்று பட்டால் அனுமதியுங்கள், இல்லையென்றால் தடுங்கள். சீசன் நடுவில் மட்டும் விதியை மாற்றாதீர்கள்.

படி 3: மேட்ச் நோட்டு

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். மனித ஞாபகத்தில் கடைசி மூன்று நான்கு மேட்சுகள்தான் பளிச்சென்று நிற்கும். ஆரம்பத்தில் அணியைத் தாங்கிய டிஃபெண்டர் கடைசியில் காயம்பட்டு உட்கார்ந்தால் அவரை யாரும் நினைப்பதே இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மேட்சுக்கு ஒரு பக்கம். தேதி, எதிரணி, ஸ்கோர், ஆடியவர்கள், கோல் போட்டவர், கோலுக்குப் பாஸ் கொடுத்தவர். அதற்குக் கீழே அன்று நன்றாக ஆடிய மூன்று பேரின் பெயரும் காரணமும் ஒரு வரியில்: “இடது பின்கள வீரர்: 70-ஆவது நிமிடத்தில் கோல் கோட்டில் நின்று பந்தைத் தடுத்தார்.” அன்று மாலையே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் கோல்கள் மட்டும்தான் மனதில் இருக்கும்.

தோற்ற மேட்சுகளையும் விடாமல் எழுதுங்கள். 2010-11-இல் வெஸ்ட் ஹாம் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த அணியின் மிட்ஃபீல்டர் ஸ்காட் பார்க்கருக்குத் தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கிளப் விருது. போதாக்குறைக்கு எழுத்தாளர்கள் விருதும் அவருக்கே. தோற்கிற அணியில் தினமும் நன்றாக ஆடுவதுதான் கஷ்டம் என்பது என் கருத்து.

படி 4: ஓட்டு

கடைசி மேட்ச் முடிந்த பிறகே சீட்டு கொடுங்கள். ஓட்டுப் போடும் முன் நோட்டு எல்லார் கைக்கும் ஒரு சுற்று போய் வரட்டும். சீட்டில் மூன்று பெயர்: முதல் இடத்துக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. வீரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதக்கூடாது. சீட்டில் ஓட்டுப் போட்டவர் பெயரும் வேண்டாம்.

ஒரே பெயர் எழுதச் சொன்னால் போதாதா? பாருங்கள்: 20 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். ஸ்ட்ரைக்கரை 9 பேர் முதலில் எழுதுகிறார்கள், மற்ற 11 பேர் அவரைச் சீண்டவே இல்லை. அவருக்கு 27 புள்ளி. கோல்கீப்பரை 5 பேர் முதலிலும் 10 பேர் இரண்டாவதாகவும் எழுதுகிறார்கள். 15-உம் 20-உம் சேர்த்து 35. ஒற்றை ஓட்டில் ஸ்ட்ரைக்கர் ஜெயித்திருப்பார். புள்ளி முறையில் அணியில் பெரும்பாலோர் மதிக்கும் கோல்கீப்பர் ஜெயிக்கிறார்.

படி 5: எண்ணுவது

போட்டியில் இல்லாத இரண்டு பேர் எண்ணட்டும். ஒருவர் சீட்டை வாசிக்க, மற்றவர் கோடு போடட்டும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு: ஒரு சீட்டுக்கு 6 புள்ளி, 20 சீட்டுக்கு 120. எல்லார் புள்ளியையும் கூட்டினால் 120 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு, திரும்ப எண்ணுங்கள். புள்ளி சமமானால் அதிக முதல் இடம் பெற்றவர். அதிலும் சமமென்றால் இருவருக்கும் கொடுங்கள்.

படி 6: அறிவிப்பும் பதிவும்

பெயரை மட்டும் வாசித்துவிட்டு இறங்காதீர்கள். நோட்டிலிருந்து மூன்று வரிகளைத் தேதியோடு படியுங்கள். அப்புறம் கிளப் பதிவேட்டில் ஆண்டு, வீரர், இடம், புள்ளி, மொத்த ஓட்டு என்று எழுதி, எண்ணிய இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த சீசனுக்கான நோட்டையும் அன்றே ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம்.