விட்ட இடத்தில் தொடரும் பின்னல்: அன்றாட வேலைகளுக்கு நடுவே நிட்டிங்

நிட்டிங்குக்குத் தனி அறை வேண்டாம், மேசை வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கிவிடும். ரயிலுக்காகக் காத்திருக்கும்போதும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்துவரப் போய் வாசலில் நிற்கும்போதும், அடுப்பில் பருப்பு வேகும்போதும் நாலு வரிசை பின்னிவிடலாம். ஆனால் புதிதாகக் கற்பவர்கள் பாதியில் கைவிடுவதும் இந்தத் துண்டு நேரத்தில்தான். பின்னும்போது நேரும் பிழைகளைவிட, நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி கையில் எடுக்கும்போது நேரும் பிழைகளே அதிகம். எந்த நேரத்தில் நிறுத்தினாலும் சேதமில்லாத ஒரு பின்னலைத் தேர்ந்தெடுத்து, நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் ஒரு முறையைப் பழகிக்கொண்டால் போதும்.

வேறு வேலைகளோடு சேர்த்தே பின்னும் வழக்கம் உலகத்தில் பல இடங்களில் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் பெண்கள் அடுப்பெரிக்கும் கரிமண் நிறைந்த கூடையை முதுகில் சுமந்து நடந்தபடியே பின்னினார்கள். இடுப்பில் துளைகள் போட்ட தோல் பெல்ட் ஒன்றைக் கட்டி, ஓர் ஊசியின் அடிமுனையை அதில் செருகிக்கொள்வார்கள். ஊசியின் பாரம் பெல்ட்டில் இறங்குவதால் கைக்குச் சுமை குறையும். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள டக்கீலே தீவில் பின்னுபவர்கள் ஆண்கள். தொப்பி பின்னுவதைச் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக் கலையை யுனெஸ்கோ 2005இல் உலகின் வாய்மொழி, மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு அருகிலேயே ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. திருப்பூர் பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன ‘வி’ வடிவங்கள் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும். உட்பக்கம் குறுக்கே மேடு மேடாக இருக்கும். ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. ‘வி’ தெரியும் பக்கம் நிட் கண்ணி, மேடு தெரியும் பக்கம் பர்ல் கண்ணி. இரண்டும் ஒரே கண்ணியின் முன்னும் பின்னும்தான். இயந்திரம் நுண்ணிய நூலில் செய்வதை நாம் தடித்த நூலில் கையால் செய்கிறோம். அந்தப் பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று இருந்தால் இரண்டு முகங்களின் இழுப்பும் சமமாக இருக்காது என்பதே காரணம். முதல் வேலையாக இந்த வகைப் பின்னலை எடுக்காதீர்கள், மஃப்ளர் பின்னினால் குழாய்போலச் சுருண்டுவிடும். எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னினால் இரு பக்கமும் ஒரே மாதிரி மேடுகளாக வரும், ஓரமும் தட்டையாக நிற்கும். இதற்கு கார்ட்டர் என்று பெயர். துண்டு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பின்னல் இல்லை.

இனி வாங்க வேண்டியவை. நம் ஊர்க் கடைகளில் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் எண்தான் பெரும்பாலும் புழங்குகிறது. எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8ஆம் எண் 4 மி.மீ., 10ஆம் எண் 3.25 மி.மீ., 12ஆம் எண் 2.75 மி.மீ. அமெரிக்கச் செய்முறைகளில் கணக்கு தலைகீழ், அங்கே 8 என்றால் 5 மி.மீ. அதனால் எண்ணை நம்பாமல் மி.மீ. பார்த்து வாங்குங்கள். முதல் ஊசியாக 4 மி.மீ. போதும். நேரான நீள ஊசி வீட்டுக்குச் சரி. பேருந்திலும் ரயிலிலும் அது பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்கும். இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கேபிளால் இணைத்த வட்ட ஊசியை, 60 அல்லது 80 செ.மீ. நீளத்தில் வாங்கினால் அதிலேயே நேர்ப் பின்னலும் பின்னலாம். நிறுத்தும்போது கண்ணிகளை நடுவிலுள்ள கேபிளுக்குத் தள்ளிவிட்டால் பைக்குள் எப்படிக் குலுங்கினாலும் நழுவாது. எங்கள் கருத்தில், வெளியே எடுத்துப் போக நினைப்பவர் முதல் ஊசியையே வட்ட ஊசியாக வாங்குவது நல்லது.

கை வியர்க்கும் ஊரில் ஊசியின் பொருளும் முக்கியம். உலோக ஊசியில் கண்ணி வேகமாக ஓடும், கற்றுக்கொள்பவருக்கு அந்த வேகமே பகை. மூங்கில் ஊசி கண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நழுவவிடாது. ஆனால் ஈரமான நாளில் நூல் அதில் கொஞ்சம் இழுக்கும். தொடக்கத்துக்கு மூங்கிலே மேல். நூலில் அக்ரிலிக் மலிவு, நன்றாக இழுபடும். ஆனால் வியர்வைக் கையில் ஒட்டும். காட்டன் குளிர்ச்சியாக இருக்கும். அது இழுபடாததால் இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும். முதலில் வெளிர் நிறத்தில், வழவழப்பான 8 பிளை (நடுத்தரத் தடிமன்) காட்டன் நூல் 50 கிராம் வாங்குங்கள். கறுப்பு, கருநீலம் வேண்டாம், மாலை வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. மொத்தையான, மயிர் பறக்கும் நூலிலும் கண்ணியை எண்ண முடியாது, தவறாகப் பின்னினால் பிரிக்கவும் முடியாது.

பையில் இன்னும் சில பொருள்கள்: முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று, சின்னக் கத்தரிக்கோல், தையல் டேப், ஐந்தாறு சேஃப்டி பின், முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்று, பின்னும் ஊசி முனையில் குத்தி வைக்க இரண்டு ரப்பர் துண்டு.

நிட் கண்ணி போடும் விதம்: கண்ணிகள் உள்ள ஊசி இடக்கையில், காலி ஊசி வலக்கையில். நூல் பின்பக்கம் இருக்கட்டும். வல ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக நுழையுங்கள். வல ஊசி முனையில் நூலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்பக்கம் இழுத்து, பழைய கண்ணியை இட ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். பர்லுக்கு நூல் முன்பக்கம். ஊசியை வலமிருந்து இடமாகக் கண்ணியின் முன்புறம் நுழைத்து, அதே திசையில் சுற்றி, சுற்றைப் பின்பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியும் ஊசியின் முன்னும் பின்னுமாக இரண்டு கால் போட்டு உட்கார்ந்திருக்கும். அதன் வலக்கால் ஊசிக்கு முன்னால் நிற்க வேண்டும். இடக்கால் முன்னால் இருந்தால் சுற்றிய திசை தவறு, அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும். இறுகிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஊசியின் கூர்முனையிலேயே கண்ணியை உருவாக்குவது. புதுக்கண்ணி ஊசியின் முழுத் தடிமன் உள்ள பகுதிக்கு வந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் வேலைக்கு, மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் சதுரத் துணி சிறந்தது. பாத்திரம் துடைக்கவோ குழந்தையைக் குளிப்பாட்டவோ பயன்படும். வெளிநாடுகளில் பாட்டிகள் காலத்திலிருந்து கைமாறி வந்த முறை இது. எல்லா வரிசையும் ஒன்றேதான் என்பதால் எங்கே நிறுத்தினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளவே தேவையில்லை.

ஊசியில் 4 கண்ணி போடுங்கள், அதாவது முதல் வரிசைக்கான நூல் வளையங்களை ஊசியில் ஏற்றுங்கள். ஒரு வரிசை நிட். அதன் பிறகு ஒவ்வொரு வரிசையிலும்: 2 நிட், நூலை முன்னால் கொண்டுவந்து ஊசியின் மேலாகப் பின்னால் போட்டு ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். சுற்றினால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் ஒரு துளையும் விழும். 54 கண்ணி ஆகும்வரை இதையே செய்யுங்கள். கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஒவ்வொரு ஓரத்திலும் 25 துளை வந்தால் 54 ஆகியிருக்கும். அடுத்து குறைக்கும் பகுதி: 1 நிட், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். வரிசைக்கு ஒன்று குறையும். 4 கண்ணி மிஞ்சும்போது முடியுங்கள்: இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கிப் போடுங்கள். பிறகு ஒன்று பின்னி மறுபடி தூக்குங்கள். கடைசிக் கண்ணி வழியாக நூலை வெட்டி இழுத்து, வாலைப் பின்பக்க மேடுகளுக்குள் கோத்து மறையுங்கள். பக்கம் ஏறக்குறைய 18 செ.மீ. வரும். சூடான பாத்திரம் பிடிக்க இதை வைத்துக்கொள்ளாதீர்கள், துளை வழியாகச் சூடு ஏறும். அக்ரிலிக்கில் பின்னியிருந்தால் உருகவும் செய்யும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, சுற்றை அடுத்த வரிசையில் நழுவவிடுவது. திரும்பி வரும்போது அது கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் தளர்வாக நிற்கும். அதையும் ஒரு கண்ணியாகவே பின்ன வேண்டும். சுற்றவே மறந்திருந்தால் பிரிக்க வேண்டாம், அந்த இடத்தில் இரண்டு கண்ணிக்கு நடுவே ஓடும் நூலை இட ஊசியால் தூக்கிப் போட்டுப் பின்னிவிடுங்கள்.

இப்போது நிறுத்துவது பற்றி. முடிந்தவரை வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள். பழகிய கைக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 கண்ணி ஓடும், புதியவருக்குப் பாதி. 50 கண்ணி வரிசை நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் விசில் வந்தாலும் ஸ்டேஷன் வந்தாலும் நடுவில் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அப்போது கண்ணிகள் இரண்டு ஊசியிலும் இருக்கும். மறுபடி எடுக்கும்போது எந்த ஊசி எந்தக் கையில் என்ற குழப்பம் வரும். விதி ஒன்றுதான்: உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியின் கண்ணியிலிருந்து தொங்குகிறதோ அந்த ஊசி வலக்கைக்கு. மாற்றிப் பிடித்தால் பாதி வரிசையில் திரும்பிவிடுவீர்கள். துணியின் ஒரு பாதி மற்றதைவிட இரண்டு வரிசை உயர்ந்து, நடுவில் ஓட்டை விழும்.

வரிசை தொடங்கும் இடத்தில் இன்னொரு பொறி உண்டு. நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்க் கிடந்தால் முதல் கண்ணி மேலே இழுபட்டு இரண்டு கண்ணிபோலத் தெரியும். இரண்டையும் பின்னினால் வரிசைதோறும் ஒன்று கூடி, மஃப்ளர் விசிறியாக விரியும். முதல் கண்ணிக்கு முன் நூலை ஒருமுறை கீழே இழுத்துவிட்டுப் பாருங்கள்.

கண்ணி நழுவிக் கீழே ஏணிபோல ஓடினால் பதற்றம் வேண்டாம். முதலில் ஒரு சேஃப்டி பின் கொண்டு அதைப் பிடித்து வையுங்கள், வீட்டுக்குப் போய்ச் சரிசெய்யலாம். பனியன் வகைப் பின்னலில் ‘வி’ பக்கத்திலிருந்து குரோஷா ஊசியை விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியையும் கண்ணி வழியாக இழுத்து மேலே ஏறுங்கள். கார்ட்டரில் ஒரு படியை முன்பக்கமிருந்தும் அடுத்ததைப் பின்பக்கமிருந்தும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். நூல் உருண்டை தீர்ந்தால் நடுவரிசையில் முடிச்சுப் போடாதீர்கள். ஓரத்தில் 15 செ.மீ. வால் விட்டுப் புது நூலைத் தொடங்குங்கள்.

எண்ணிப் பின்ன வேண்டிய வடிவங்கள், சட்டையின் கைக்குழி, கழுத்து, துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பகல் வெளிச்சத்துக்கு உரியவை. பயணத்தில் எடுக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலை வைத்துக்கொள்வது இதனால்தான் உதவும்: பையில் ஒன்று, வீட்டில் ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். கட்டைவிரல் அடியில் வலித்தால் ஊசியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

சதுரம் முடித்த கை அடுத்ததாகப் பச்சைக்குழந்தைக்குத் தொப்பி பின்னலாம். ஊட்டியிலோ நுவரெலியாவிலோ உறவினர் வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் இது நிச்சயம் பயன்படும். 8 பிளை மென்மையான நூல், 4 மி.மீ. ஊசி. 74 கண்ணி போடுங்கள். எல்லா வரிசையும் 1 நிட், 1 பர்ல். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவாக முன்னால் கொண்டுவர வேண்டும். ஊசிக்கு மேலாகக் கொண்டுவந்தால் தேவையில்லாத கண்ணி ஒன்று கூடும். நடுவில் விட்டு எடுத்தால் எண்ண வேண்டாம், எதிரே ‘வி’ தெரிந்தால் நிட், மேடு தெரிந்தால் பர்ல். 13 செ.மீ. ஆனதும் ஒரு வரிசை முழுக்க இரண்டிரண்டாகச் சேர்த்து நிட் செய்யுங்கள், 37 ஆகும். அடுத்த வரிசை முழுக்க பர்ல். அதற்கடுத்து மறுபடி இரண்டிரண்டாக, கடைசி ஒன்றைத் தனியாகப் பின்னினால் 19. நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியால் 19 கண்ணி வழியாகவும் கோத்து இழுத்துச் சுருக்குங்கள். அதே நூலால் பக்கத்தைக் கீழ்வரை தைத்துவிடுங்கள். பொத்தான், தொங்கும் குஞ்சம் வேண்டாம், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். தொடக்க ஓரம் இறுக்கமாக வந்தால் தலையில் பதியும். ஆகவே கண்ணி போடும்போது மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுங்கள்.

கொடுப்பதற்கு முன் துவைத்துவிடுங்கள். சாயம் போகிறதா என்று முதல்முறை தனியாகக் குளிர்ந்த நீரில் பாருங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீளவாட்டில் இழுபட்டு உருமாறும். நிழலில் தட்டையாக விரித்து, கையால் வடிவைச் சரிசெய்து உலர விடுங்கள்.